உஷார்! வீட்டுக்குள் ஓடும் சைக்கிள் பந்தயம்

பெங்களூரில் ஸ்மார்ட் டிரெய்னரில் சைக்கிளை மாட்டிக்கொண்டு, நடுநிசியில் உலகத்தோடு பந்தயம் ஓடுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அவசரமாக இதை எழுதுகிறேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு, பக்கத்தில் ஆளில்லாமல், இதயத்தை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமல் அந்தப் பந்தயத்தில் இறங்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை டிரெய்னரில் மாட்டுகிறார்கள். நீங்கள் எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறீர்கள் என்பதை அது அளந்து, புளூடூத் வழியாக ஸ்விஃப்ட், மைவூஷ் போன்ற செயலிகளுக்கு அனுப்புகிறது. திரையில் உங்கள் உருவம் ஒரு கற்பனைத் தீவில் ஓடுகிறது. அங்கே மலை வந்தால் இங்கே மிதி கனக்கும், இறக்கம் வந்தால் இலகுவாகும். பக்கத்தில் ஓடுகிறவர் ஜெர்மனியில் இருப்பார், முன்னால் போகிறவர் ஆஸ்திரேலியாவில் இருப்பார். எல்லோரும் நிஜ மனிதர்கள், அவரவர் வீட்டில் அவரவர் வியர்வை.

இந்த ஊரில் இது ஏன் இப்படிப் பரவியது என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. வெளிவட்டச் சாலையில் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துப் போனவர்களுக்குப் பள்ளம் என்றால் என்ன, தண்ணீர் லாரி என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நந்தி மலைக்குப் போகலாம் என்றால் சனி, ஞாயிறுகளில் கார்களின் வரிசை. மைசூர் விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோவோடு சைக்கிளுக்கும் தடை. 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் வந்த டிரெய்னர் அதன்பிறகு வெளியே போகவே இல்லை. தேசிய டைம் டிரையல் பட்டத்தைப் பலமுறை வென்ற நவீன் ஜான் பயிற்சி செய்த ஊர் இது. சைக்கிள் பந்தய ஆசை இங்கே நேற்று முளைத்ததல்ல.

அந்த ஆசைக்கு உலகமும் கதவைத் திறந்துவிட்டது. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு 2020 டிசம்பர் 9 அன்று முதல் மெய்நிகர் சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்னும் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோவும் வென்றார்கள். ஆஸ்திரேலியாவின் ஜே வைன், ஸ்விஃப்ட் செயலி நடத்திய ஸ்விஃப்ட் அகாடமி என்ற தேர்வு வழியாகத் தொழில்முறை அணிக்குள் நுழைந்து, 2022இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் இரண்டு கட்டங்களை வென்றார். ஆகவே இது சும்மா பொழுதுபோக்கு, விட்டுத்தள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. விளையாட்டு நிஜமானது. உடல் மீது அது வைக்கிற பாரமும் நிஜமானது. இரண்டாவதைத்தான் இந்த ஊர் கவனிக்கவில்லை.

"வீட்டுக்குள்ளதானே ஓட்டுறேன், என்ன ஆகிடப் போகுது?" இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! லாரி இல்லை, நாய் துரத்தாது, ஹெல்மெட்கூட வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் சாலையில் உங்களை அறியாமல் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மூன்று விஷயங்களும் இந்த அறைக்குள் இல்லை: காற்று, சிக்னல், பக்கத்தில் மனிதர்கள்.

முதலில் காற்று. மனித உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நாலில் ஒரு பங்குதான் மிதியில் வேலையாகப் போகிறது. மற்றதெல்லாம் வெப்பம். நீங்கள் 200 வாட் மிதித்தால் உடல் கூடவே 600 முதல் 800 வாட் வரை வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். பத்துக்குப் பத்து அறைக்குள் ஒரு இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வைத்திருப்பது போல. அந்தப் பெட்டி நீங்கள்தான்.

சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று உடலில் மோதுகிறது, வியர்வையை உடனுக்குடன் காயவைக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 750 வாட் வெப்பம் என்பது ஒரு மணி நேரத்துக்கு 2,700 கிலோஜூல். அதாவது ஒரு லிட்டருக்கும் மேலே ஆவியாக வேண்டும். இதில் 'ஆவியாக' என்பதுதான் முக்கியம். நெற்றியிலிருந்து தரையில் சொட்டுகிற வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குகிறது. டிரெய்னருக்கு அடியில் குட்டை கட்டி நிற்கிற வியர்வையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். அந்தப் படம் சொல்கிற சேதி வேறு. அறையில் காற்றோட்டம் இல்லை, உடல் சூடாகிக்கொண்டே போகிறது என்று அது சொல்கிறது.

பெங்களூர் குளுகுளு ஊர் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2024 ஏப்ரலில் 38 டிகிரியைத் தாண்டியது. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் சுவர் நள்ளிரவு வரை சூட்டை அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அறையில், சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று ஜன்னலையும் சாத்திவிட்டு ஓட்டுகிறீர்கள். மேலே சுற்றுகிற சீலிங் ஃபேன் இதற்குப் போதவே போதாது.

இப்படிச் சூடாகும்போது உடல் என்ன செய்கிறது? ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையால் ரத்தத்தின் நீர் குறைகிறது. அதே 200 வாட்டுக்கு இதயம் முன்பைவிட வேகமாகத் துடிக்கிறது. பத்தாவது நிமிடத்தில் 150 இருந்த துடிப்பு நாற்பதாவது நிமிடத்தில் 165, 170 என்று ஏறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் பேச்சுக் குழறி, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அங்கே ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை குளியலறையில் உட்காரவைத்துத் தலையிலிருந்து கால்வரை குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் கொண்டுபோவது.

அடுத்து சிக்னல். சாலையில் நிற்க வேண்டியிருக்கும், இறக்கத்தில் கால் ஓயும், டீக்கடை வரும். டிரெய்னரில் அந்த ஓய்வு கிடையாது. பந்தயத்தில் நிலைமை இன்னும் மோசம். மெய்நிகர் பந்தயம் ஆரம்பிக்கிற விதமே தனி. நேரம் பூஜ்யத்தைத் தொட்டதும் எல்லோரும் முழு பலத்தோடு பாய்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் முன்கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளவில்லை என்றால் அன்றைய பந்தயம் முடிந்தது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த நாற்பது வயதுக்காரர் ஒருவர், மடிக்கணினியை மூடிய பதினைந்தாவது நிமிடத்தில் தன் அதிகபட்ச இதயத்துடிப்பின் விளிம்பில் இருக்கிறார்.

இங்கேதான் எனக்குப் பயம் அதிகம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட முன்கூட்டியே வருகிறது. இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வில் மற்ற நாட்டவருக்கு அந்த வயது ஏறக்குறைய 59, நமக்கு 53. அது நடுமதிப்புதான். பாதிப் பேருக்கு அதற்கும் முன்னாலேயே வந்திருக்கிறது என்று அர்த்தம். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது இந்த ஊர் எப்படி அழுதது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். உடற்பயிற்சிக்குப் பெயர்பெற்றவர் அவர். அதற்கு அடுத்த நாட்களில் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு வரிசை கட்டி நின்றார்கள். பிற்பாடு கர்நாடக அரசு அவர் பெயரிலேயே ஹ்ருதய ஜோதி என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, மாரடைப்பு நோயாளிகளுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போட ஏற்பாடு செய்தது. பரிசோதனை வரிசை அப்புறம் கரைந்துபோனது. ஜிம்மும் டிரெய்னரும் பழையபடி ஓடுகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சி இதயத்தைக் கெடுப்பதில்லை, முறையாகச் செய்தால் காப்பாற்றுகிறது. தமனிக்குள் ஏற்கெனவே அடைப்பு இருந்து, அது தெரியாமல், பழக்கமில்லாத உடலை உச்சத்துக்கு விரட்டும்போதுதான் விபரீதம் நேர்கிறது. அதனால்தான் பரிசோதனையை வற்புறுத்துகிறேன்.

மாரடைப்பின் அறிகுறிகளை டிரெய்னர் மறைத்துவிடும் என்பது இன்னொரு கொடுமை. குளிர்ந்து வியர்ப்பது ஓர் அறிகுறி. ஏற்கெனவே குளித்ததுபோல் நனைந்திருப்பவருக்கு எது எந்த வியர்வை என்று எப்படித் தெரியும்? மூச்சு வாங்குவது ஓர் அறிகுறி. பந்தயத்தில் யாருக்கு வாங்கவில்லை? தோளும் கழுத்தும் கையும் வலித்தால், ஹேண்டில்பாரைக் குனிந்து பிடித்ததால் வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். நெஞ்சில் அழுத்தம் வந்தால் நம் ஊர் வழக்கப்படி "கேஸ்" என்று சொல்லிவிட்டு ஒரு சோடா குடிக்கிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நெஞ்சு, தாடை, இடது கை, முதுகு ஆகிய இடங்களில் அழுத்தமோ வலியோ வந்து, மிதிப்பதை நிறுத்தியும் சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தாலும், துடிப்பு தாறுமாறாக ஓடினாலும் அப்படியே.

மூன்றாவது, பக்கத்தில் மனிதர்கள். நகைச்சுவை நடிகர் ராஜு ஸ்ரீவாஸ்தவ் 2022 ஆகஸ்டில் டெல்லியில் ஜிம்மில் டிரெட்மில்லில் சரிந்து விழுந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், எய்ம்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. ஆட்கள் இருந்த இடத்திலேயே இதுதான் நிலைமை என்றால், கதவு தாழிட்ட அறையில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, வீடே தூங்கும் வேளையில் சரிகிறவரை யார் பார்ப்பார்கள்? இதயம் நின்றுபோன பிறகு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியான சிபிஆர் தொடங்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. திரையில் கூட ஓடுகிற நூறு பேருக்கு உங்கள் உருவம் நின்றுவிட்டது மட்டும்தான் தெரியும். வைஃபை போய்விட்டது என்று நினைத்துக் கடந்துபோவார்கள்.

ஏன் நடுநிசி என்று கேட்பீர்கள். இந்தப் பந்தயங்களில் கூட்டமும் போட்டியும் அதிகம் இருப்பது ஐரோப்பாவின் மாலை நேரத்தில். லண்டனில் மாலை 7 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. செவ்வாய்க்கிழமை லீக், வியாழக்கிழமை அணிப் பந்தயம் என்று வாரம் இருமுறை இப்படி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். பந்தயத்துக்கு முன்னால் கஃபீன் ஜெல், முடிந்த பிறகு இரண்டு மணி வரை தூக்கம் வராது, காலையில் ஒயிட்ஃபீல்டுக்கு கேப். தூக்கம் கெட்ட உடலை அடுத்த வாரம் மறுபடி உச்சத்துக்கு விரட்டுகிறார்கள். ஆசிய நேரத்துக்கு நடக்கிற பந்தயங்களும் இருக்கின்றன. கூட்டம் குறைவாக இருந்தாலும் அவற்றில் சேருங்கள்.

இன்னொரு கண்ணியை இளைஞர்கள், குறிப்பாக இளம் பெண்கள் கவனிக்க வேண்டும். இந்த விளையாட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற எண், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பது. வெகுகாலம் இதை வைத்தே பிரிவுகளைப் பிரித்தார்கள். 2.5க்குக் கீழே இருந்தால் டி, 3.2ஐத் தொட்டால் பி, 4ஐத் தொட்டால் ஏ. இப்போது முந்தைய பந்தய முடிவுகளை வைத்து மதிப்பெண் போடும் முறை வந்திருக்கிறது. ஆனாலும் மலையில் யார் முந்துவார் என்பதை இந்த எண்தான் சொல்கிறது. 80 கிலோ எடையுள்ளவர் 240 வாட் மிதித்தால் 3.0. அவரே 72 கிலோ ஆகிவிட்டால், கூடுதலாக ஒரு வாட்கூட மிதிக்காமல் 3.33. கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதுதான் ஆபத்து. ஆறு மாதப் பயிற்சியை விட ஆறு வாரப் பட்டினி சுலபமாகத் தோன்றும்.

எடையைப் பொய்யாகக் குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அது ஏமாற்று, உடம்பைக் கெடுக்காது. உலக அளவிலும் ஏமாற்று பிடிபட்டிருக்கிறது. 2019இல் பிரிட்டனின் தேசிய மின்பந்தயப் பட்டத்தை வென்ற கேமரன் ஜெஃபர்ஸ், விளையாட்டுக்குள் வேகமான சைக்கிளைக் குறுக்கு வழியில் பெற்றார் என்று பட்டத்தைப் பறித்து ஆறு மாதம் தடை விதித்தார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது பொய் சொல்லாமல், நிஜமாகவே பட்டினி கிடக்கிறவர்கள். உழைப்புக்குத் தேவையான அளவு உண்ணாதபோது உடலில் நேர்கிற சீர்கேட்டைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லேயே தனி நோய்க்குறியாக வரையறுத்து எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும். ஆண்களுக்கு ஹார்மோன் சரியும். எலும்பில் விரிசல் விழும், எப்போதும் சோர்வு, அடிக்கடி சளி. உங்கள் மகளோ மகனோ இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு டிரெய்னரில் ஏறினால், ஒழுங்காகப் பயிற்சி செய்கிறது பிள்ளை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பந்தயத்துக்கு முன்னால் எடை காட்ட வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர், மேலே சொன்ன சூட்டு அறையில் பாதி வழியிலேயே ஆபத்தில் இருக்கிறார்.

புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாளே பந்தயத்தில் இறங்காதீர்கள். பழக்கமில்லாத தொடைத் தசையை ஒரே நாளில் அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். ராப்டோமயோலைசிஸ் என்று பெயர். ஸ்பின் வகுப்பின் முதல் நாளுக்குப் பிறகு மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இயந்திரத்தின் பக்கமும் ஆபத்து இருக்கிறது. வியர்வை உப்புநீர். ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் இறங்கி அலுமினியத்தை அரிக்கும். மேலே பார்த்தால் தெரியாது. ஒருநாள் ஸ்பிரின்ட்டில் எழுந்து நின்று இழுக்கும்போது பார் முறியும், அல்லது அதே சைக்கிளை நந்தி மலைக்கு எடுத்துப் போய் இறக்கத்தில் வரும்போது முறியும். வருடத்துக்கு ஒருமுறையாவது டேப்பைப் பிரித்துப் பாருங்கள். தினமும் ஓட்டி முடித்ததும் துடையுங்கள். அடாப்டரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் வியர்வை சொட்டாத இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கரன்ட் போனால் பல டிரெய்னர்களில் எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போகும், நின்று மிதிக்கிறவர் நிலைகுலைவார். ஃபேனும் நின்றுவிடும். ஃபேன் நின்றால் பந்தயமும் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தவழ்கிற, நடக்கிற குழந்தை இருந்தால் இதை இருமுறை படியுங்கள். மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஃபிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். சங்கிலியும் பற்சக்கரமும் திறந்தே இருக்கின்றன. ஒரு பிஞ்சு விரல் உள்ளே போக அரை நொடி போதும். அமெரிக்காவில் பெலடான் நிறுவனத்தின் டிரெட்மில்லில் சிக்கி ஒரு குழந்தை இறந்த பிறகு, 2021 மே மாதத்தில் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. பெரிய நிறுவனத்தின் இயந்திரத்திலேயே அப்படி என்றால், ஹாலின் மூலையிலோ யுடிலிட்டியிலோ திறந்து நிற்கிற டிரெய்னரை என்ன சொல்வது? ஓட்டும்போது குழந்தை இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். ஓட்டாதபோது பிளக்கைப் பிடுங்கி, சங்கிலிப் பக்கத்தைச் சுவரோரம் தள்ளி வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் இதயநோய் வந்தவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், பந்தயம் ஓடப்போகிறேன் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற இசிஜி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. டிரெட்மில் சோதனையோ எக்கோவோ உங்களுக்குத் தேவையா என்பதை அவர் சொல்லட்டும். காய்ச்சல் அடித்தால், முழுவதும் தேறும் வரை டிரெய்னர் பக்கமே போகாதீர்கள்.

ஓட்டுகிற இடத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும். பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்று முன்னாலிருந்து நெஞ்சுக்கு நேராக வீசட்டும், முடிந்தால் பின்னாலிருந்து இன்னொன்று. பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக மிதித்து உடலைச் சூடேற்றிய பிறகே பந்தயம். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அதுவும் ஆபத்து. உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ கூட இருக்கட்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் சட்டென்று இறங்கி நிற்காமல் பத்து நிமிடம் இலகுவாக மிதியுங்கள். உடனே நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும்.

வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டியது சிபிஆர். ஆள் சரிந்து, கூப்பிட்டால் பதிலில்லாமல், மூச்சு சரியாக இல்லாமல் இருந்தால் 108க்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். எட்டு டவர் கொண்ட அடுக்ககத்தில் ஆம்புலன்ஸ் கேட்டிலேயே வழி தேடி நிற்கும். காவலாளிக்கு முன்கூட்டியே சொல்லி, ஒருவரைக் கீழே அனுப்புங்கள். நீச்சல்குளத்துக்கும் கிளப் ஹவுஸுக்கும் பணம் வசூலிக்கிற அடுக்ககச் சங்கங்கள், மின்அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் ஏஇடி கருவி ஒன்றை வாங்கி லாபியில் மாட்டச் சொல்லி அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? இதயத்தைப் பரிசோதித்து முடிக்கும் வரை பெயரைத் திரும்பப் பெறுங்கள். பரிசோதித்த பிறகும், வீட்டில் ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும், கதவைத் திறந்து வைத்து ஓடுங்கள்.